ஆபத்து இரு மடங்கு என்றால்...

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து இங்கே வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. "இவருக்கு ஆபத்து இரண்டு மடங்கு" என்று டாக்டர் சொன்னதும், பிழைக்கும் வாய்ப்பே பாதியாகிவிட்டது என்று கலங்கிவிடுகிறார்கள். கணக்கு அப்படியல்ல, அன்பர்களே.

இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் டேவிட் காக்ஸ் 1972-ல் வகுத்த முறை மருத்துவ ஆய்வுகளில் பெரிதும் பயன்படுகிறது. சாதாரண நோயாளிகளில் ஐந்தாண்டு உயிரோடிருப்போர் நூற்றுக்கு 80 பேர், அதாவது 0.8 என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து வேகம் எப்போதும் இரு மடங்கானால் 0.8-ஐ இரண்டால் வகுக்கக் கூடாது. இருமுறை பெருக்க வேண்டும். 0.8 × 0.8 = 0.64. நூற்றுக்கு 40 அல்ல, 64 பேர். மூன்று மடங்கென்றால் மும்முறை பெருக்க, சுமார் 51 பேர்.

ஏன் பெருக்கல்? ரயில்வேயில் இருந்த எனக்குத் தெரிந்த உதாரணம் இது. ஓர் அச்சில் இரண்டு பேரிங்குகள். ஒன்று கெட்டாலும் வண்டி நிற்கும். இரண்டும் தாங்கினால்தான் ஓடும். இரு மடங்கு ஆபத்தும் அப்படித்தான்.

ஆகவே மடங்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சாதாரண நோயாளிக்கு வாய்ப்பு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்றும் கேளுங்கள். வரும் விடையும் அதே நிலையிலுள்ள நூறு பேரைப் பற்றியது. நம் அப்பா அவர்களில் யார் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.