78 சீட்டுகள் சொல்லும் சேதி என்ன? "டேரட்" பார்ப்பது எப்படி?

மரத்தடியில் துணியை விரித்து, கூண்டைத் திறந்து, "இந்த ராஜா பேருக்கு ஒரு நல்ல சீட்டா எடுத்துக் கொடும்மா" என்று ஜோசியர் குரல் கொடுப்பார். கிளி நடந்து வந்து ஒரு சீட்டைக் கொத்தி இழுத்துப் போடும். ஊரில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு.

மும்பை, பெங்களூர், டெல்லி போன்ற நகரங்களில் இப்போது கிளி இல்லாமலேயே சீட்டுப் பார்க்கிறார்கள். குளிர்சாதன அறை, மேஜை, பட்டுத் துணி, அதன் மேல் வண்ணப் படச் சீட்டுகள். இதற்குப் பெயர் "டேரட்".

இங்கே சீட்டை எடுப்பது கேள்வி கேட்க வந்தவரே! படத்தைப் பார்த்துப் பலன் சொல்பவர் எதிரே இருப்பவர்.

இந்தச் சீட்டுகள் எங்கிருந்து வந்தன? எப்படிப் படிப்பது? எவ்வளவு தூரம் நம்பலாம்?

பொழுதுபோக்குச் சீட்டு

டேரட் பிறந்த இடம் இத்தாலி. 1440-ம் ஆண்டையொட்டி அங்கே பணக்காரர்கள் வீட்டில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டு விளையாட்டு இது.

மிலான் நகரை ஆண்ட பிரபுக்கள், தங்க முலாம் பூசிக் கையால் வரைந்த சீட்டுகளை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு பகுதி அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும், மீதி இத்தாலியில் பெர்கமோ நகரிலும் உள்ளன.

1781-ல் பிரான்சு நாட்டில் கூர் த ஜெப்லன் என்ற பாதிரியார், "இவை எகிப்து நாட்டுப் பூசாரிகளின் ரகசிய ஏடுகள்" என்று எழுதினார். அப்போது எகிப்தியரின் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. 1822-ல்தான் அந்த எழுத்தின் மர்மம் விடுபட்டது. டேரட் அங்கே பிறந்தது என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை.

அதற்குள் ஜோசியம் பரவிவிட்டது. அலியெட் என்ற பாரிஸ்காரர், தன் பெயரையே பின்னாலிருந்து திருப்பிப் போட்டு "எத்தெய்லா" என்று வைத்துக் கொண்டு, 1785-ல் டேரட் பலன் சொல்லும் புத்தகம் வெளியிட்டார்.

படம் போட்ட பெண்

இன்று உலகம் முழுவதும் விற்கும் கட்டு, 1909-ல் லண்டனில் வெளியானது. திட்டம் வகுத்தவர் வெய்ட். படங்களை வரைந்தவர் பமீலா ஸ்மித் என்ற பெண் ஓவியர்.

அதுவரை பெரும்பாலான கட்டுகளில் சாதாரணச் சீட்டுகளில் வெறும் குறிகள்தான் இருந்தன. பமீலா ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வரைந்தார். புதிதாகப் படிப்பவருக்குக் கை கொடுப்பவை அந்தப் படங்களே.

பெரிய வேலை, கூலியோ மிகச் சொற்பம் என்று அவரே தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1951-ல் வறுமையில் இறந்தார். லட்சக்கணக்கானோருக்கு வருங்காலம் சொல்லும் சீட்டை வரைந்தவரின் கதை இது!

கட்டின் அமைப்பு

நாம் ஆடும் சீட்டுக்கட்டில் 52 சீட்டு. டேரட்டில் 78.

இதில் 56 சீட்டுகள் நான்கு இனங்களாகப் பிரியும். இனத்துக்கு 14 சீட்டு. ஒன்று முதல் பத்து வரை எண்கள். பிறகு ஏவலாள், குதிரை வீரன், ராணி, ராஜா.

கோல்: உழைப்பு, முயற்சி.
கோப்பை: பாசம், குடும்பம், மனம்.
வாள்: சிந்தனை, சண்டை, கவலை.
காசு: பணம், தொழில், உடம்பு.

மீதி 22 சீட்டுகள் பெரிய படங்கள். "அசடன்" என்ற பூஜ்யத்தில் தொடங்கி, "உலகம்" என்ற 21-ல் முடியும். வாழ்க்கையின் பெரிய திருப்பங்களை இவை காட்டுவதாகக் கொள்வார்கள்.

மூன்று சீட்டு முறை

புதியவர்களுக்கு எளிய முறை இது. கேள்வியை மனதில் நினைத்துக் கட்டைக் கலைக்க வேண்டும். மூன்று சீட்டுகளை இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். முதல் சீட்டு நடந்தது. இரண்டாவது நடப்பது. மூன்றாவது வரப்போவது.

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, "வேறு வேலைக்குப் போகலாமா?" என்று கேட்பதாக வைத்துக் கொள்வோம்.

முதலில் "வாள் ஆறு". படகோட்டி ஒருவன் ஒரு பெண்ணையும் குழந்தையையும் அக்கரைக்குக் கொண்டு போகிறான். கஷ்டத்தை விட்டு வேறு இடம் வந்தது என்று பொருள்.

அடுத்து "காசு எட்டு". ஒரு தொழிலாளி பலகையில் உட்கார்ந்து உளியால் ஒவ்வொரு காசாகச் செதுக்குகிறான். பொறுமையான உழைப்பு, தொழில் பழகும் காலம்.

மூன்றாவது "மரணம்"! கருப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரையில் வருகிறது. புதியவர் நடுங்கிவிடுவார். நடுங்க வேண்டியதில்லை. அதே படத்தின் மூலையில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிகிறது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் என்பதே இதன் பொருள். மூன்று சீட்டு எடுப்போரில் 26 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்தச் சீட்டு வந்தே தீரும். அத்தனை பேருமா சாகிறார்கள்?

ஆக, பலன்: கற்ற தொழிலை வைத்து, பழைய இடத்தை விட்டுப் புதிய இடம் போகலாம்.

பலிப்பது ஏன்?

இந்தப் பலன் ஊரை விட்டு வந்த யாருக்குத்தான் பொருந்தாது? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1948-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஃபோரர் ஒரு சோதனை செய்தார். 39 மாணவர்களிடம், "இது உங்கள் குணம் பற்றிய தனி அறிக்கை" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி மார்க் 4.26! பிறகுதான் குட்டு உடைந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே வாசகம். அதுவும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது!

சீட்டுக்கு வருங்காலம் தெரியாது. ஆனால் மனதில் புதைந்து கிடக்கும் கவலையை வெளியே எடுத்துப் பேச ஒரு படம் உதவலாம். அந்த அளவில் அது நல்ல பொழுதுபோக்கு; சிலருக்கு ஆறுதல்.

பர்ஸ் பத்திரம்!

"உங்கள் மீது தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்குப் பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், உடனே எழுந்துவிட வேண்டும். 78 சீட்டில் எதிலும் பரிகாரக் கட்டணம் அச்சடிக்கப்படவில்லை.

நோய்க்கு டாக்டரையும், வழக்குக்கு வக்கீலையும் பார்க்க வேண்டும். பெண் பார்ப்பதையும் வேலையை விடுவதையும் சீட்டை நம்பி முடிவு செய்யக் கூடாது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை இதில் விடுவது பெரும் தவறு.

பரீட்சித்துப் பார்க்க விரும்புவோர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கலாம். தேதி, கேள்வி, வந்த சீட்டு, சொன்ன பலன் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கட்டும். பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று அந்த நோட்டு சொல்லிவிடும்!