முதலில் மாடிக்கு வாருங்கள்

அக்னி நட்சத்திரத்தில்தான் சோலார் பேனல் அதிகமாக மின்சாரம் தரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னையில் ஏதாவது ஒரு வீட்டுக் கூரையின் ஓராண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். நல்ல நாட்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் இருக்கும். அப்போது வானம் தெளிந்திருக்கும், காற்றில் இன்னும் சூடு ஏறியிருக்காது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் 540 வாட் என்று போட்டிருக்கும். அது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில் கிடைத்த எண் அது. நம் மொட்டை மாடியில் உச்சிவேளையில் செல் 25 டிகிரியில் இருக்க வழியே இல்லை. வெளியே 38 டிகிரி என்றால் கண்ணாடிக்கு அடியில் செல் 65 டிகிரியைத் தொட்டுவிடும். சூடு ஏற ஏறச் சிலிக்கான் தரும் வோல்டேஜ் இறங்கும். இன்று பரவலாகக் கிடைக்கும் மோனோ பெர்க் வகையில், 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைகிறது. 40 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போய்விடும். 540 வாட் பேனல் 465 வாட்டுக்குத்தான் உழைக்கும். புதிதாக வந்திருக்கும் டாப்கான் வகையில் இழப்பு சற்றுக் குறைவு.

இந்த இழப்பில் ஒரு பங்கை மிச்சப்படுத்துவது சோலார் போட வரும் காண்டிராக்டரின் கையில் இருக்கிறது. பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று புகுந்து போக இடம் விட்டால் செல் ஆறும். தகரக் கூரையில் இடைவெளியே இல்லாமல் படுக்க வைத்தால் வெந்துபோகும். பேனலின் தரம் தொழிற்சாலையில் முடிவாகிவிட்ட ஒன்று. அது உங்கள் வீட்டில் 25 வருடம் எப்படி உழைக்கப்போகிறது என்பது, காண்டிராக்டரின் ஆட்கள் மாடியில் வேலை செய்யும் அந்த ஓரிரு நாளில் முடிவாகிறது. நம் வீடுகளிலோ பேரம் முழுக்க பிராண்டைப் பற்றியும், வாட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதைப் பற்றியும்தான் நடக்கிறது. போனிலேயே "3 கிலோவாட்டுக்கு இவ்வளவு" என்று விலை சொல்லிவிடுகிறவரை நான் நம்ப மாட்டேன். மாடிக்கு ஏறி, நாலு பக்கமும் பார்த்து, டேப் பிடித்து அளந்த பிறகு கோட்டேஷன் தருகிறவரிடம்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

அவர் மாடியில் முதலில் பார்க்க வேண்டியது நிழல். 540 வாட் பேனல் ஒன்றில் பாதியாக வெட்டிய 144 செல்கள் இருக்கும். அவை வரிசை வரிசையாகத் தொடராக இணைந்தவை. ஒரு வரிசையில் உள்ள எல்லாச் செல்களிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓட முடியும். வயல் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது முன்னால் போகிறவர் நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். நிழல் விழுந்த செல்லும் அப்படித்தான் மற்றவற்றை மறிக்கிறது. மறிப்பதோடு, மற்ற செல்களின் ஆற்றலை வாங்கித் தானே சூடாகிக் கருகவும் செய்யும். அதைத் தடுக்கப் பேனலின் பின்பக்கப் பெட்டிக்குள் மூன்று பைபாஸ் டயோடுகள் வைத்திருக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியை அவை சுற்றிக்கொண்டு போய்விடும். ஆபத்து தீர்ந்தது, ஆனால் உள்ளங்கை அகல நிழலுக்காகப் பேனலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழக்க நேரிடும்.

நிழல் வருடம் முழுக்க ஒரே இடத்தில் விழுவதில்லை. சென்னை 13-ஆவது அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்; மற்ற மாதங்களில் தெற்கே. ஆண்டு முழுவதையும் கூட்டினால் தெற்குச் சாய்வுதான் லாபம், அதனால்தான் பேனலைத் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்க்கிறார்கள். மழையில் தூசி வழிந்து போவதற்கும் அந்தச் சாய்வு உதவும். டிசம்பர் கடைசியில் காலை 9 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 31 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது 6 அடி உயரத் தண்ணீர் டேங்க்கின் நிழல் வடமேற்கே ஏறத்தாழ 10 அடி நீளும். காண்டிராக்டர் சித்திரை மாதத்து மத்தியானத்தில் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்லை சார்" என்றால், அவர் சொல்வது அந்த மத்தியானத்துக்கு மட்டும்தான் பொருந்தும். "மார்கழிக் காலையில் இந்த டேங்க் நிழல் எங்கே விழும்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை இன்னும் வளரும் என்பதையும், காலி மனையில் நாளை மாடி எழும்பலாம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு நடந்தபோது நான் அருகில் இருந்தேன். வந்தவர் இளைஞர். டேங்க்கைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ஏம்மா, இதை அந்தப் பக்கம் நகர்த்த முடியுமா?" என்றார். "அதுக்கு நேர் கீழதான் தம்பி பாத்ரூம் லைன் எல்லாம் இறங்குது" என்றார் வீட்டுக்கார அம்மா. "அப்படின்னா ஆறு பேனலையும் இங்க போட வேணாம்மா. நாலு இங்க, ரெண்டை மாடிப்படி ரூம் மேல ஏத்திடலாம். கேபிள் கொஞ்சம் கூட ஆகும், பரவாயில்லை." அந்தக் 'கொஞ்சம் கூட ஆகும்' என்ற இடத்தில்தான் நல்ல காண்டிராக்டர் தெரிவார்.

அடுத்தது காற்று. "இவ்வளவு பாரத்தை என் தளம் தாங்குமா?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு பேனல் 28 கிலோ அளவில் இருக்கும். ஆறு பேனலும் கம்பிச் சட்டமும் பரவலாக நிற்பதால் ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு அது பெரிய சுமையில்லை. கவலைப்பட வேண்டியது தூக்கும் விசையைப் பற்றி. கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் சென்னைக்கு விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரும். ஒரு பேனலின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாய்வையும் உயரத்தையும் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும். ஆனாலும் 28 கிலோ பேனலை நூற்றுக்கணக்கான கிலோ விசை மேலே இழுக்கும் என்பது மாறாது. 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கும், 2018 நவம்பரில் கஜாவைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

வடகம் காயப்போடவும் துணி உலர்த்தவும் இடம் வேண்டும் என்று 7, 8 அடி உயரத்தில் சட்டம் கேட்பது நியாயமான ஆசைதான். கீழே காற்று தாராளமாகப் போவதால் பேனலும் ஆறும். ஆனால் உயர்ந்த சட்டத்தைக் காற்று பாய்மரமாக்கிப் பிடித்து இழுக்கும். குறுக்குக் கம்பிகளும் ஆழமான பிடிமானமும் இல்லாமல் உயரம் கேட்கக்கூடாது. சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் பெயின்ட் சில வருடம்கூடத் தாங்காது.

பிடிமானம் எங்கே போகிறது என்பது இன்னொரு விஷயம். தளத்தின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாக ஒரு பூச்சும், அதன் மேல் தட்டோடும் பதித்திருப்பார்கள். அதைத் துளைத்து போல்ட் இறக்கினால், ஓட்டையை எவ்வளவு கவனமாக அடைத்தாலும் ஐப்பசி அடைமழையில் சீலிங்கில் ஈரம் தெரியும் அபாயம் உண்டு. தளத்தின் மேல் கனமான கான்கிரீட் பீடங்களை வார்த்து அவற்றில் சட்டத்தை நிறுத்துவது ஒரு வழி. கான்கிரீட்டுக்குள் ரசாயனப் பசை செலுத்தி ஆங்கர் பதிப்பது இன்னொரு வழி. தேக்கு உத்தரமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் துளைபோடும் பேச்சே கூடாது. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

இனி ஒயர் வேலை. ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் திறந்த நிலையில் ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரம் வரும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை அந்த ஒயரில் உயிர் இருக்கும். நம் வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வருவதால், தப்பித் தவறிப் பொறி பறந்தாலும் தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரம் பூஜ்ஜியத்துக்கு வருவதே இல்லை. ஒருமுறை பற்றிய வில், இணைப்பை உருக்கிக்கொண்டே எரியும். அதனால்தான் பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி. 4 கனெக்டரைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை இன்னொரு கம்பெனி என்று கலந்தாலும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே உலோகம் உலோகத்தோடு சரியாகப் பதியாது. வேலை நடக்கும்போது அருகில் நின்று பாருங்கள். தெரிந்த ஆள் ஒயரின் தோலை உரிக்கும்போது ஒரு இழைகூட அறாது. செம்பு முனையை அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்துவார், இழுத்துப் பார்ப்பார், அப்புறம்தான் கூட்டுக்குள் செருகுவார். சாதாரணக் குறட்டால் நசுக்குகிறார் என்றால் உடனே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். கனெக்டர்கள் தளத்தில் மழைத்தண்ணீரில் கிடக்காமல் சட்டத்தோடு கட்டியிருக்க வேண்டும். கட்டுவது மலிவான பிளாஸ்டிக் டேக்காக இருந்தால் வெயிலில் பொடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் மெகர் கருவி வைத்து ஒயர்களின் இன்சுலேஷனை அளந்து, எர்த் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மின்வெட்டைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்புதான் மானியத்தோடு பரவலாகப் போடப்படுகிறது. கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும், மாடியில் பளீரென்று வெயில் அடித்தாலும் சரி. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனை உங்கள் மாடி மின்சாரம் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக, பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், கரன்ட் போன கணத்தில் தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிறது. ஒரு மனிதரின் உயிருக்கான ஏற்பாடு அது. வெட்டு நேரத்திலும் விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும். செலவு கணிசமாகக் கூடும். இதை வாய்விட்டுச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போகும் காண்டிராக்டர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. முதல் புயலில்தான் வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரிகிறது.

பணக் கணக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக உச்சமாக 78,000 ரூபாய் மானியம். பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும்; காண்டிராக்டர் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வேலை முடிந்து, உள்ளே வரும் யூனிட்டையும் வெளியே போகும் யூனிட்டையும் தனித்தனியே எண்ணும் நெட் மீட்டர் மாட்டி, ஆய்வும் முடிந்த பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். 1 கிலோவாட் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட். நம் வீட்டுக் கட்டணம் முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும் வகை. ஏசி ஓடும் வீட்டில் சோலார் முதலில் வெட்டுவது உச்சிப்படியில் இருக்கும் விலைமிக்க யூனிட்டுகளை, அதனால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிற வீட்டுக்கு அவசரமே இல்லை என்று நேராகச் சொல்லிவிடலாம்.

முழுப் பணத்தையும் நெட் மீட்டர் மாட்டும் முன் கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் வருவதற்குள் "சும்மா ஓட்டிப் பார்க்கலாம் சார்" என்று இன்வெர்ட்டரைப் போட்டுவிடவும் அனுமதிக்காதீர்கள். சில பழைய மின்னணு மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். நீங்கள் கொடுத்த மின்சாரத்துக்கு நீங்களே பில் கட்ட நேரும். பேனல்களின் வரிசை எண்கள், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனி உத்தரவாதச் சீட்டு, இன்வெர்ட்டர் செயலியின் முதன்மைக் கணக்கு ஆகிய மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். செயலிக் கணக்கைக் காண்டிராக்டரே வைத்துக்கொண்டு, அவர் தொழிலை விட்டுப் போய்விட்டால் பழைய பதிவு முழுக்க அவரோடு போய்விடும்.

அப்புறம் இருப்பது துடைக்கும் வேலைதான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்தபின் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். மழைநீரைப் பிடித்து வைத்து, விடிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது மெல்லிய துணியால் துடையுங்கள். கொதிக்கிற கண்ணாடியில் மத்தியானம் தண்ணீர் ஊற்றவே கூடாது. தினமும் செயலியில் எத்தனை யூனிட் என்று ஒரு பார்வை போதும். மேகமில்லாத பிப்ரவரி நாளில் 3 கிலோவாட் அமைப்பு 10 யூனிட்டுக்குக் கீழே காட்டுகிறது, துடைத்த பிறகும் ஏறவில்லை என்றால், காண்டிராக்டரைக் கூப்பிட்டு மறுபடி மாடிக்கு ஏறச் சொல்லுங்கள்.