சேஞ்ச்: சந்தையில் பிறந்த வினைச்சொல்

மாற்றத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் அன்றாடம் அதிகம் புழங்கும் வினை 'சேஞ்ச்'. வேறுபடுவது, வேறாக்குவது என்ற பொருள்களே இன்று முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அது பிறந்த இடம் சந்தை. பிற்கால லத்தீனில் 'காம்பியாரே' என்றால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. அதுவும் கெல்டிக் மொழியிலிருந்து லத்தீனுக்கு வந்த இரவல் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் உருத் திரிந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஏடுகளில் ஏறியது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நாணயம் மாற்றும் கடைகளின் பலகையில் காணும் 'காம்பியோ' இதன் உடன்பிறப்பு. சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் நாணயமாற்றுத் தொழில் நடத்திய 'சேஞ்ச் ஆலி'யின் பெயரிலும் இந்த வேர்தான்.

கொடுத்து வாங்கிய பழக்கம் இலக்கணத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கு வடக்கே கிரெய்கிபர்ன் வரை 2007 செப்டம்பரில் மின்ரயில் நீண்டது. அங்கிருந்து வெரிபீ போகிறவர் நார்த் மெல்பர்னில் இறங்கி வேறு ரயில் பிடிக்கலாம். ஆங்கிலத்தில் அது 'சேஞ்ச் ட்ரெயின்ஸ்'. ஒரு ரயிலை விட்டு இன்னொன்றில் ஏறுவதால் கணக்கு இரண்டு; எனவே பன்மை. வேலை, இருக்கை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். தமிழில் "ட்ரெயின் மாறணும்" என்று ஒருமையே போதும் என்பதால் நம்மவர்கள் அந்தக் கடைசி 'ஸ்'ஸை விட்டுவிடுவதுண்டு. 'சேஞ்ச் தி ட்ரெயின்' என்றால் ரயிலையே வேறு மாதிரி ஆக்குவதாகவும் தொனிக்கும். 'சேஞ்ச் தி பேபி' என்பதற்கு இந்த விதியைப் போட்டுப் பார்த்துப் பதற வேண்டாம். மாற்றச் சொல்வது நாப்பியை மட்டும்.

பக்கத்துச் சொற்களோடு வைத்தால் எல்லை தெளிவாகும். ஒரு சுடிதாரைக் கழற்றி வேறொன்றைப் போட்டுக்கொள்வது சேஞ்ச். அதே சுடிதாரைத் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடிக்கச் சொன்னால் ஆல்டர். உடை அதேதான், அளவு மட்டும் வேறு. 'திருப்பு' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த கன்வெர்ட், ஒன்றை வேறொரு முறைக்குள் கொண்டுவருவது. அதனால்தான் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்குப் புதிதாக வந்தவரிடம் "ஊர் லைசன்ஸை கன்வெர்ட் பண்ணியாச்சா?" என்று கேட்கிறார்கள். மூன்றுக்கும் தமிழில் 'மாத்து' ஒன்றே ஈடுகொடுத்துவிடும் என்பதால், ஆங்கிலத்தில் எதை எடுப்பது என்ற தடுமாற்றம் இயல்பே.

பெரிய நோட்டுக்கு ஈடாகக் கைக்கு வரும் சில்லறைக்கும் சேஞ்ச் என்ற பெயர் 17-ஆம் நூற்றாண்டில் நிலைத்தது. தமிழ்நாட்டுப் பஸ் கண்டக்டர் கேட்கும் 'சேஞ்ச்' இதுதான். ஆஸ்திரேலியாவில் இந்தச் சில்லறையே மாறியிருக்கிறது. அந்த நாடு 1966 பிப்ரவரி 14 அன்று பவுண்டை விட்டு டாலருக்கு வந்தது. 1992 முதல் 1, 2 சென்ட் காசுகளைப் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. ரொக்கக் கணக்கு இப்போது 5 சென்டுக்கு முழுமையாக்கப்படுகிறது. 9.98 டாலர் சாமானுக்குப் பத்து டாலர் நோட்டைக் கொடுத்தால் சேஞ்ச் கிடையாது.