பொதுப் பந்தியில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம்

வழிப்போக்கர்க்கு இடமும் உணவும் அளித்தவை சத்திரங்கள். அப்பெயரையே தாங்கி நிற்கும் ஊர், தென்காசியை அடுத்த பாவூர்சத்திரம். தைப்பொங்கல், சித்திரை விசு, அம்மன் கொடை, ஆயுத பூசை என இவ்வட்டாரத்தில் விழாக்களுக்குக் குறைவில்லை. விழா என்றால் விருந்துண்டு. விருந்தில் குழந்தைகளே முன்வரிசையில் இருப்பர். ஆயினும், எல்லாரும் உண்பதைத் தாமும் உண்ண இயலாத குழந்தைகள் சிலர் நம்மிடையே உளர். அவர்களைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

உணவு ஒவ்வாமை யாது?

நோயை எதிர்க்க வேண்டிய உடலின் ஆற்றல், நல்ல உணவையே பகையெனக் கருதி எதிர்ப்பதுதான் உணவு ஒவ்வாமை. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, எள், கோதுமை, மீன், இறால் ஆகியவற்றால் இது பெரும்பாலும் உண்டாகிறது. கொண்டைக்கடலையும் சிலருக்கு ஆகாது. நம் முதியோர் சில உணவுகளைக் ‘கரப்பான் பண்டம்’ என்று பொதுவாக விலக்குவர். இதுவோ அவ்வாறன்று, இன்ன குழந்தைக்கு இன்ன உணவு ஆகாது என மருத்துவர் ஆராய்ந்து கூற வேண்டியது.

கருநாடகத்தில் பள்ளிச் சிறாரிடையே நடத்திய ஆய்வொன்று 2020-இல் வெளியாயிற்று. அதன்படி ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே இக்குறை இருந்தது. தொகை சிறிதாதலின், நம்மிற் பலர் இதனை அறியாதிருக்கிறோம். அறியாமையால், “ஒரு வாய் தின்றால் என்ன? தின்னத் தின்னப் பழகிவிடும்” என்று அன்போடு ஊட்டியும் விடுகிறோம். அந்த ஒரு வாயே உயிருக்கு இடராகக் கூடும்.

விழாக் காலத்தில் செய்யத்தக்கவை

முதலாவதாக, விருந்துக்கு முன்பே, ஒவ்வாமையுள்ள குழந்தை எவரேனும் உளரா எனப் பெற்றோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவதாக, சமையற்காரர் எப்பண்டத்தில் எப்பொருள் சேர்ந்துள்ளது எனச் சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். சர்க்கரைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் உண்டு. அல்வாவில் கோதுமை உண்டு. ஆயுத பூசைப் பொரியில் நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்திருக்கும். பொட்டுக்கடலை கொண்டைக்கடலையிலிருந்து ஆவதே.

மூன்றாவதாக, ஆகாத பொருள் சேராத உணவை முதலிலேயே சமைத்து, தனிப் பாத்திரத்தில் மூடி வைத்து, தனிக் கரண்டியால் பரிமாறுதல் வேண்டும். முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பொங்கலைக் கொடுப்பது போதாது.

நான்காவதாக, கடையில் வாங்கும் பொட்டலங்களின் மேலுள்ள குறிப்பைப் படித்தல் வேண்டும். நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை போன்றவை இருப்பின், அதனைத் தெரிவிக்க வேண்டுமென 2020-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

இவை யாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அக்குழந்தையைத் தனியே ஒரு மூலையில் அமர்த்தாது, எல்லாருக்கும் ஒரே பண்டத்தை வழங்க முயல வேண்டும். பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும் வாழைப்பழமும் நம் மண்ணிலேயே கிடைக்கின்றன. பெற்றோரைக் கேட்டு, இவற்றுள் ஒத்துக்கொள்வதை அனைவர்க்கும் அளிக்கலாம். கோலம், உறியடி, ஓட்டப் பந்தயம் ஆகியவற்றின் பரிசுகளும் தின்பண்டமாகவே இருத்தல் வேண்டுமா? பென்சிலும் பந்தும் பரிசாகலாம்.

இடர் நேர்ந்தால்

உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், தொடர் வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றக்கூடும். மூச்சுத் திணறினாலும் மயக்கம் வந்தாலும் கைவைத்தியத்தில் காலங்கழிக்கலாகாது. உடனே 108-க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து. குழந்தையை நடக்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமர விடலாம்.

பஞ்சாயத்தின் கடமை

நம் சத்துணவுக் கூடங்களில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் உண்டு. பந்தியை விட்டு எவரையும் எழுப்பாமலே வேறுபாட்டுக்கு இடமளிக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று. சனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. குழந்தைகளுக்கு இனிப்பும் வழங்கப்பெறுகிறது. அவ்வினிப்பிலிருந்தே இந்நற்பணியைத் தொடங்கலாம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் இத்தகைய குழந்தைகள் உளரா எனக் கேட்டறிந்து, ஆசிரியர்க்கும் விழாக் குழுவினர்க்கும் தெரிவிப்பாராக.

பந்தியில் ஓர் இலை வெறுமையாக இருக்குமாயின், அவ்விருந்து நிறைவுற்றதாகாது. அவ்விலைக்கும் உரியதை இடுவதே ஊருக்குப் பெருமை.