வீட்டிலேயே சோப்பு செய்யலாமா? காஸ்டிக் சோடா கணக்கு முதல் உரிமம் வரை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எவ்வளவு தேய்ச்சாலும் நுரையே வர மாட்டேங்குதே?" போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். தோல் வறள்கிறது, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. கடைசியில், "நாமே ஒரு சோப்பு செஞ்சு பார்த்தா என்ன?" என்ற யோசனை வரும். குப்பைமேனி, ஆவாரம்பூ, வெட்டிவேர் என்று பட்டியலும் தயாராகிவிடும். சோப்பை சோப்பாக்குகிற பொருள் மட்டும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. அதுதான் காஸ்டிக் சோடா.

உருக்கி ஊற்றினால் சோப்பு செய்ததாகுமா?

ஒருநாள் பயிற்சி வகுப்புகள் பலவற்றில் சொல்லித் தருவது 'மெல்ட் அண்ட் போர்' முறை. ஏற்கெனவே தொழிற்சாலையில் தயாரான சோப்புக் கட்டியை வாங்கி, உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது. ஆபத்து குறைவு, ஒரே நாளில் முடிந்துவிடும். குழந்தைகளோடு பொழுதுபோக்காகச் செய்ய நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டியில் என்ன எண்ணெய் இருக்கிறது என்பதை முடிவு செய்தவர் வேறு யாரோ.

எண்ணெயிலிருந்தே தொடங்குவது 'கோல்டு பிராசஸ்'. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உருவாகின்றன. கணக்கு சரியாக இருந்தால் முடிவில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. ஆகவே 'கெமிக்கலே சேர்க்காத கையால் செய்த சோப்பு' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. அப்படி ஒரு கட்டி சோப்பு இல்லவே இல்லை. குரோம் முறையில் தோல் பதனிட்டதால் குரோம்பேட்டை என்று ஊருக்கே பெயர் வந்த வட்டாரத்தில், 'கெமிக்கல்' என்ற சொல்லுக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா என்ன! பயப்பட வேண்டியது தப்பான அளவுக்கு.

ஏன் தராசு இல்லாமல் தொடங்கவே கூடாது?

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் சோடாவின் அளவு வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம் வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகள் சிறியவை என்பதே காரணம். ஒரு கிலோ பெரிய வெங்காயத்தைவிட ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க அதிக நேரம் ஆவது மாதிரி: எடை ஒன்றுதான், எண்ணிக்கை அதிகம்.

முதல் முறைக்கு 500 கிராம் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50 என்று வைத்துக்கொள்வோம். தேவையான காஸ்டிக் சோடா 54.9 + 20.1 + 6.4 = 81.4 கிராம். இதை அப்படியே போடக் கூடாது. கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சினால்தான் தோலுக்கு இதம். வழக்கமாக 5 சதவீதம் குறைப்பார்கள். தேங்காய் எண்ணெய் அதிகம் என்பதால் இதில் 8 சதவீதம் குறைக்கலாம். ஆக 75 கிராம். தண்ணீர் அதைப் போல இரண்டு பங்கு, 150 கிராம்.

இப்போது ஒருவர் வீட்டில் தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, சன்ஃபிளவர் ஆயில் இருக்கிறது. "எண்ணெய்தானே, மாத்திக்கலாம்" என்று நினைக்கிறார். அந்தக் கலவைக்கு மொத்தமாகத் தேவைப்படுவதே சுமார் 67 கிராம்தான். பழைய குறிப்பின்படி 75 கிராம் போட்டால் 8 கிராம் காஸ்டிக் சோடா வினைபுரிய ஆளில்லாமல் சோப்புக்குள்ளேயே நிற்கும். பார்க்க நல்ல சோப்பு மாதிரியே இருக்கும். தேய்த்தால் தோல் வெந்துபோகும். டம்ளர், ஸ்பூன் அளவில் வரும் குறிப்புகளை ஒதுக்கிவிட வேண்டியதும் இதனால்தான். 1 கிராம் வரை சரியாகக் காட்டும் டிஜிட்டல் தராசுதான் இந்த வேலையில் முதல் செலவு.

காஸ்டிக் சோடாவை பாரிமுனைப் பகுதி கெமிக்கல் கடைகளிலோ, சோப்பு மூலப்பொருள் விற்பவர்களிடமோ வாங்கலாம். குழாய் அடைப்பு நீக்கும் பவுடர் வேண்டாம். அதில் அலுமினியத் துகள் போன்ற வேறு பொருட்களும் கலந்திருக்கும். வாங்கியதை காற்றுப்புகாத டப்பாவில் வைக்காவிட்டால் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். பிறகு 75 கிராம் நிறுத்தாலும் அது 75 கிராம் காஸ்டிக் சோடா ஆகாது.

எதை எதில் போடுவது?

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. காஸ்டிக் சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் கரைசலின் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும், நெடியும் எழும்பும். பால்கனியிலோ ஜன்னல் ஓரத்திலோ, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டையோடு செய்ய வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆறிய பிறகு கரைசல் பச்சைத் தண்ணீர் மாதிரியே தெரிவதுதான். டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைத்தால், விளையாடிவிட்டு வரும் பிள்ளை எடுத்துக் குடித்துவிடலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலுமிச்சை, வினிகர் வைத்தியம் வேண்டாம்.

கரைசலும் எண்ணெயும் 40 முதல் 45 டிகிரிக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடித்தால் தோசை மாவுப் பதம் வரும். மேலே சொட்டினால் கோடு நிற்கும். 'ட்ரேஸ்' என்பது அதுதான். பட்டர் பேப்பர் விரித்த அச்சில் ஊற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்து வெட்டலாம்.

போர்வெல் தண்ணீர் சரிப்படுமா?

செய்வதற்குச் சரிப்படாது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். பக்கெட் ஓரத்து வெள்ளை அதுதான். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கடையில் கேட்கும்போது பேட்டரி ஆசிட்டை மாற்றி வாங்கிவிடக் கூடாது.

குளிக்கும்போது? அங்கே தேங்காய் எண்ணெய்க்குத் தனிப் பெருமை உண்டு. மற்ற சோப்புகள் திணறும் உப்புத் தண்ணீரிலும் தேங்காய் எண்ணெய் சோப்பு நுரைக்கும். கடல் தண்ணீரில் குளிக்க வேண்டியிருந்த மாலுமிகளுக்காக அதிலிருந்தே சோப்பு செய்தார்கள். மேலே உள்ள கணக்கில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய் இருப்பது இந்த வட்டாரத் தண்ணீருக்காகத்தான். விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயில் மட்டும் செய்த சோப்பு போர்வெல் தண்ணீரில் ஏமாற்றிவிடும். ஆனால் கடினத் தண்ணீரை மென்மையாக்க எந்த சோப்பாலும் முடியாது. முடி கொட்டுவதற்கும் இது மருந்தல்ல.

மூலிகை சேர்க்கலாமா?

பச்சை இலையை அரைத்துப் போட்டால் சில வாரங்களில் பழுப்பாகும், பூஞ்சையும் பிடிக்கலாம். எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்ப்பது மேல். மஞ்சள் போட்டவர் கலவை சிவப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சிவக்கும் அதே வினைதான்.

வெட்டிய சோப்பை உடனே பயன்படுத்த முடியாது. 4 முதல் 6 வாரம் காற்றாட வைத்தால் தண்ணீர் வற்றிக் கெட்டியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளிசரின் ஈரத்தை இழுத்து சோப்பு 'வியர்க்கும்'. வாரம் ஒருமுறை எடை போட்டுப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகு எடுக்கலாம்.

விற்கலாமா?

சென்னையில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி.சித்தன், தோல் நோயோடு வந்த தொழிலாளர்களுக்காக, குடும்ப வழி மூலிகை எண்ணெயைக் கொண்டு வீட்டிலேயே சோப்பு செய்யத் தொடங்கினார். மனைவி சௌபாக்கியமும் உதவினார். 1969-ல் பிறந்த அந்த சோப்புதான் மெடிமிக்ஸ்.

அன்று சட்டம் வேறு. 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் அழகுசாதனம் என்ற வரையறைக்கு வெளியே சோப்பு இருந்தது. 1982-ல் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இப்போது 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, குளியல் சோப்பை விற்கவோ விநியோகிக்கவோ தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். 'உத்யம்' பதிவு இருக்கிறதே என்றால், அது இதற்கு மாற்றாகாது. வீட்டு உபயோகத்துக்குச் செய்வதில் சிக்கல் இல்லை. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கத் தொடங்கும்போதுதான் விதி குறுக்கே வருகிறது.

லேபிளில் 'சொரியாசிஸ் போகும்', 'படை நீங்கும்' என்று எழுதினால் விஷயம் இன்னும் பெரிதாகும். அது மருந்துக்கான உரிமை கோரல். தோல் நோய் உள்ளவருக்கு சோப்பைக் கொடுப்பதைவிட, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிகள் பிரிவுக்கு வழிகாட்டுவது நல்லது.

சமையலறையை வைத்துக்கொண்டு உரிமம் வாங்குவது கடினம்; தனி இடம், கருவிகள், தகுதியுள்ள பணியாளர், பரிசோதனை வசதி எல்லாம் கேட்பார்கள். அந்த முதலீடு இல்லாதவர்களுக்கு விதிகளிலேயே 'லோன் லைசென்ஸ்' என்று ஒரு வழி உண்டு. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளரின் கூடத்தில், தங்கள் செய்முறைப்படி, தங்கள் பெயரில் சோப்பு தயாரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இதற்கான விண்ணப்பம் படிவம் சிஓஎஸ்-6. சொந்தக் கூடம் வைத்திருப்பவர்களுக்குப் படிவம் சிஓஎஸ்-5.