கொலைக்கதை படிக்கும் குடும்பத் தலைவி!



'உங்க பொழுதுபோக்கு என்ன?' என்று யாராவது கேட்கும்போது, கோலம், தையல், பக்திப் பாட்டு என்று சொன்னால் நமக்கு மரியாதை. 'ரமணிசந்திரன் நாவல் படிப்பேன்' என்றாலும் சிரித்தபடி ஏற்றுக் கொள்வார்கள். 'கொலைக்கதை, பேய்க்கதைன்னா எனக்கு உயிர்' என்று சொல்லிப் பாருங்களேன்! 'ஐயையோ, குடும்பப் பொம்பளை படிக்கிற புக்கா அது? ராத்திரி தூக்கம் வருமா?' என்று மேலும் கீழும் பார்ப்பார்கள்.

முப்பது வருடத்துக்கும் மேலாக நான் இந்தக் கதைகளைப் படித்து வருகிறேன். தூக்கம் நன்றாகவே வருகிறது. என்னைப் போல் பீரோவில் புடவைக்கு அடியில் பாக்கெட் நாவலை ஒளித்து வைத்துப் படித்த சகோதரிகள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். அவர்கள் சார்பிலும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நடைமுறை விஷயம். தலையணை சைஸ் நாவலை எடுத்து உட்கார இல்லத்தரசிக்கு ஏது நேரம்? 'க்ரைம் நாவல்', 'மாலைமதி' போன்ற மாத நாவல்கள் நமக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தன. பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கினால் ஊர் போய்ச் சேருவதற்குள் குற்றவாளி பிடிபட்டு விடுவான். ராஜேஷ்குமார் கதைகளில் ஒரு அத்தியாயம் ஒரு ஊரில் நடக்கும். அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களோடு வேறு ஊரில் நடக்கும். இரண்டும் எங்கே போய் முட்டிக் கொள்ளப் போகிறது என்று மண்டையைக் குடைந்தபடியே சாம்பாருக்குப் புளி கரைக்கலாம். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர் அவர். அதில் பாதியையாவது சமையலறையில் நின்றபடி படித்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

துப்பறிகிறவர்களும் நம் வீட்டு மனிதர்கள் போல் ஆகிவிட்டார்கள். ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ் - வசந்த். 'சுபா' என்பது ஒரு பெண் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தவர்கள் உண்டு. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து வைத்துக் கொண்ட பெயர் அது. 'சுஜாதா' என்பதோ ரங்கராஜன் என்ற பொறியாளர் தன் மனைவியிடம் இரவல் வாங்கிக் கொண்ட பெயர்!

'இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருடம் முன்பு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார் ஆகியோர் துப்பறியும் நாவல் எழுதித் தமிழ்நாட்டையே படிக்க வைத்தார்கள். வடுவூராரின் 'மேனகா' 1935ல் சினிமாவாகவும் வந்தது. அதே காலத்தில்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுத வந்தார். 1901ல் பிறந்தவர். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. முதல் படைப்பை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அப்படி ஆரம்பித்தவர் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அவற்றில் மர்மமும் துப்பறிதலும் உண்டு. ஆகவே, நம் பாட்டிமார் காலத்திலேயே இந்த ருசி நம் பக்கம் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி என்ன செய்தார்? முதல் உலகப் போரின்போது ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை பார்த்தார். எந்த மருந்து எத்தனை அளவில் விஷமாகும் என்று அங்கே தெரிந்து கொண்டார். 1920ல் வெளியான அவருடைய முதல் நாவலிலேயே கொலை விஷத்தால்தான். 1930ல் வந்த நாவலில் மிஸ் மார்ப்பிள் என்ற கல்யாணமாகாத கிழவியைத் துப்பறிய வைத்தார். அந்தம்மாள் கையில் துப்பாக்கி கிடையாது, ஸ்வெட்டர் பின்னும் ஊசிதான். 'எங்க ஊர்ல ஒருத்தன் இப்படித்தான் பண்ணினான்' என்று பழைய சம்பவத்தை நினைத்துப் பார்த்தே குற்றவாளியைப் பிடித்து விடுவார். எதிர்வீட்டில் வழக்கமாக ஆறு மணிக்குத் தெளிக்கும் வாசல் இன்னும் தெளிக்கவில்லையே என்று நாம் கவனித்தால் அது வம்பு. மிஸ் மார்ப்பிள் கவனித்தால் அது துப்பு!

பேய்க்கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் சன் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்ம தேசம்' வந்தபோது விளக்கை அணைக்கவே பயந்தோம். அதில் 'விடாது கருப்பு' முடிகிற வரைக்கும், இது கருப்பசாமி வேலையா, மனுஷன் வேலையா என்று எங்கள் தெருவில் பட்டிமன்றமே நடந்தது. (பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன்.) சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்திலும் இதே கேள்விதான், ஆவியா, விஞ்ஞானமா? நல்ல பேய்க்கதை நம்மைப் பயமுறுத்துவதோடு நிற்பதில்லை. 'இந்தப் பேயால யாருக்கு லாபம்?' என்று யோசிக்கவும் வைக்கிறது. குறி சொல்கிறேன், செய்வினை எடுக்கிறேன் என்று வாசலுக்கு வருகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதானே?

இந்தக் கதைகள் எனக்குக் கற்றுக் கொடுத்த ஒரே பாடம், சொன்ன கதையை அப்படியே நம்பாதே என்பதுதான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்போம், 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று! மருமகள் சமைக்கும்போது மட்டும் ஸ்டவ் வெடித்தது. மாமியார் சமைக்கும்போது வெடிக்கவே இல்லை. இதைக் கேட்கத் துப்பறியும் புத்தி வேண்டும். அந்தக் கேள்வி கடைசியில் சட்டத்துக்கும் வந்தது. 1986ல் வரதட்சணை மரணத்துக்கென்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ வேறு இயற்கைக்கு மாறான விதத்திலோ இறந்து, சாவதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டதும் நிரூபணமானால், அது வரதட்சணை மரணம். புருஷனும் அவன் வீட்டாரும் பதில் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 80வது பிரிவு. 'விபத்துதான்' என்ற கதையை ஊரும் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தால் அந்தப் பிரிவு வந்திருக்குமா?

இன்னொன்று, கண்ணெதிரே நடந்தது. எங்கள் தெருவில் 68 வயது மாமி ஒருவர், மர்ம நாவல் பைத்தியம். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருப்பார். 2024ல் அவருக்கு ஒரு போன். 'உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்' என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருத்தன். 'போனைக் கட் பண்ணக்கூடாது. ரூம் கதவைச் சாத்திக்குங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாது' என்றானாம்.

மாமி சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவன் சொன்னதுமே எனக்குப் பொறி தட்டிடுச்சு. எத்தனை கதையில படிச்சிருக்கேன், மிரட்டறவன் பேசற வசனம் இது. நிஜப் போலீஸ்னா வீட்ல பெரியவங்களைக் கூப்பிடுன்னுல்ல சொல்லும்? அடுப்புல பால் பொங்குதுன்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டேன்."

வந்தவர் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். போனை வாங்கி அணைத்து விட்டு, இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குத் தகவல் சொன்னோம். ஒரு ரூபாய் போகவில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் பேசினார். படித்த பெரிய பெரிய ஆட்களே லட்சக்கணக்கில் பறிகொடுத்த விஷயத்தில், கொலைக்கதை படிக்கிற மாமி தப்பித்துக் கொண்டார்!

எல்லா மர்மக்கதையும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். கதைக்குச் சம்பந்தமில்லாமல் அட்டையில் அரைகுறை உடையில் பெண்ணைப் போட்டு விற்பவை உண்டு. சாகிறவளை மட்டும் அங்குலம் அங்குலமாக வர்ணித்து, கொன்றவன் ஏன் கொன்றான் என்பதை இரண்டே வரியில் முடிப்பவையும் உண்டு. அவற்றை நான் பாதியில் மூடி வைத்து விடுவேன். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமலும் வைக்க வேண்டும். நிஜத்தில் நடந்த கொலையை டிவியில் பின்னணி இசையோடு திரும்பத் திரும்பக் காட்டுவதை ரசிக்கவும் என்னால் முடியவில்லை. கதையில் சாகிறவர் காகிதத்தோடு போச்சு. நிஜத்தில் அழுவதற்கு ஒரு தாய் இருக்கிறாள்.

'இதெல்லாம் படிச்சா எல்லார் மேலயும் சந்தேகம் வருமே' என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. நல்ல மர்மக்கதையில் முதலில் சந்தேகப்படுகிற ஆள் பெரும்பாலும் நிரபராதியாகத்தான் இருப்பான். மூஞ்சியைப் பார்த்து யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்டாதே, ஆதாரம் கேள் என்பதையும் அதே கதைகள்தான் சொல்லித் தருகின்றன. வேலைக்காரப் பெண் மேல் திருட்டுப் பழி போடும் முன் நாலு இடத்தில் தேடிப் பார்க்கிற புத்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

புதிதாகப் படிக்க நினைக்கும் சகோதரிகள் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். பழைய புத்தகக் கடையில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக் கொண்டால் செலவு கால் பங்குதான். ஒரே நிபந்தனை, முதலில் முடித்தவர் கொலைகாரன் யார் என்று மூச்சு விடக்கூடாது!

என்ன சகோதரிகளே, உங்கள் புடவைக்கு அடியில் இருக்கும் புத்தகத்தை இனி வெளியே எடுத்து வைப்பீர்கள்தானே?

- ஒரு வாசகி, ஈரோடு.