செல்போன் எழுத்து கண்ணைப் படுத்துகிறதா?

"டாக்டர், செல்போன்ல நாலு வரி படிச்சாலே கண் எரியுது. ஏதாவது தைலம் இருக்கா?"

என்னிடம் வருகிறவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. தைலம் இருக்கட்டும், முதலில் செல்போனைக் காட்டுங்கள் என்பேன். பெரும்பாலும் எழுத்து கடுகு சைஸில்தான் இருக்கும்!

ஏன் எரிகிறது?

சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போய்விடலாம். கண்ணை நனைக்கும் நீர் காய்ந்து, உறுத்தல் வருகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொள்ளும்.

தமிழில் புள்ளிக்கும் சுழிக்கும் மதிப்பு அதிகம். எழுத்து சிறுத்தால் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. குழந்தைக்கு '2.5 மில்லி' மருந்து கொடுக்கச் சொல்லி மகள் அனுப்பிய செய்தியில், பாட்டிக்குப் புள்ளி தெரியாமல் போனால்? 25 ஆகிவிடுமே!

என்ன செய்யலாம்?

* செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பகுதிக்குப் போய், எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே செய்து கொடுங்கள்.

* வெள்ளையில் கறுப்பு எழுத்து பலருக்கு வசதி. கறுப்பில் வெள்ளை எழுத்து சிலருக்குக் கலங்கித் தெரியும். எது சுகமோ அதை வையுங்கள்.

* இருட்டு அறையில் படிக்காதீர்கள். திரையின் வெளிச்சம் அறை வெளிச்சத்துக்கு ஒத்திருக்கட்டும்.

* செல்போன் ஒன்றேகால் அடி, கம்ப்யூட்டர் இரண்டடி தூரத்தில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்லது.

* 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள். நன்றாகக் கண் சிமிட்டுங்கள்.

பொன்னாங்கண்ணிக் கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள்; உடம்புக்கு நல்லது. ஆனால் கீரை சாப்பிட்டால் கண்ணாடியே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று பூச்சாறு, தேன், எண்ணெய் எதையும் நீங்களாகக் கண்ணில் விடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

எழுத்தைப் பெரிதாக்கியும் தெளிவில்லை என்றால் கண்ணாடிக்குப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகள் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டியாக வேண்டும். திடீரென்று பார்வை மங்கினாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அங்கே கைவைத்தியம் பார்க்க நேரமில்லை.